டிசி படிவத்தை நீட்ட வேண்டாம், பட்டியலை நீளவிடுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கட்டிங் முடிந்த பீஸ்களைத் தையலுக்கு வெளி யூனிட்டுகளுக்கு அனுப்புகிறோம். அதற்கான டெலிவரி சலானை (டிசி) எக்செல்லில் நானே வடிவமைத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டிசிக்கும் பழைய ஷீட்டை காப்பி எடுத்து மாற்றி அடிப்பேன். பத்து வரிக்கு மேல் போனால் வரி செருக வேண்டியிருக்கிறது, அப்போது மொத்தம் சில நேரம் தப்பாக வருகிறது. புது சைஸ் வந்தால் காலம் (column) செருக வேண்டும், பிரிண்ட் கலைந்துவிடுகிறது. எந்த யூனிட்டில் எவ்வளவு பீஸ் நிற்கிறது என்று முதலாளி கேட்டால் ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து கூட்டுகிறேன். வரி கூடக் கூட தானாக நீளும் படிவம் வேண்டும் என்றால் மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதும் சிறு புரோகிராம்) படிக்கணும் என்கிறார்கள். உண்மையா? பி.காம் படித்தவள் நான், புரோகிராமிங் தெரியாது. ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மேக்ரோ வேண்டியதில்லை. நீங்கள் கேட்டிருப்பதை எக்செல்லில் ஏற்கெனவே இருக்கும் வசதிகளை வைத்தே செய்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தில் உங்களை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. படிவம் நீள வேண்டும் என்று கேட்கிறீர்கள். நீள வேண்டியது படிவம் இல்லை. படிவத்துக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், நீள வேண்டியது அதுதான். உங்கள் ஃபைலில் அந்தப் பட்டியலே இல்லை. மொத்தம் தப்புவது, பிரிண்ட் கலைவது, முதலாளி கேட்டதும் கை நடுங்குவது எல்லாம் அந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் மொத்தம் ஏன் தப்புகிறது என்று பார்ப்போம். உங்கள் ஷீட்டில் 8-ஆம் வரியிலிருந்து 17-ஆம் வரி வரை ஐட்டங்கள், 18-இல் மொத்தம். மொத்தத்தில் உள்ள ஃபார்முலா 8 முதல் 17 வரை கூட்டு என்கிறது. நடுவில், 12-ஆம் வரிக்கு மேல் ஒரு வரியைச் செருகினால் ஃபார்முலாவும் சேர்ந்து நீண்டு 8 முதல் 18 வரை என்று மாறிக்கொள்ளும். ஆனால் நீங்கள் இயல்பாக எங்கே செருகுவீர்கள்? கடைசி ஐட்டத்துக்குக் கீழே, மொத்தத்துக்கு நேர் மேலே. அந்தப் புது வரி கூட்டல் எல்லைக்கு வெளியே நிற்கிறது. சில நேரம் எக்செல் தானாகவே புரிந்துகொண்டு எல்லையை நீட்டிவிடும், சில நேரம் விட்டுவிடும். எப்போதும் தப்பாக வந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பீர்கள். பாதி நேரம் சரியாக வருவதால்தான் இவ்வளவு நாள் நம்பியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஷீட்டில் 14 வரிகள், மொத்தத்தில் 13 வரிகள்தான் சேர்ந்திருக்கின்றன. கடைசி வரியில் உள்ள நேவி கலர் பீஸ்கள் டிசியில் போயிருக்கின்றன, மொத்தத்தில் இல்லை. அந்த யூனிட்டோடு கணக்குத் தீர்க்கும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

காகித டிசி புத்தகத்தில் எழுதும்போது ஒரே தாள் இரண்டு வேலைகளைச் செய்தது. வண்டியோடு போகும் சீட்டும் அதுதான், நம்மிடம் இருக்கும் பதிவும் அதுதான். கம்ப்யூட்டரில் அந்த இரண்டையும் பிரித்தாக வேண்டும். பழைய ஜவுளிக் கடைகளில் பில் புக் தனியாக, சிட்டை தனியாக இருக்கும். பில் வாடிக்கையாளர் கையில் போய்விடும், சிட்டையில் நாள் முழுக்க வரிக்கு வரி ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சிட்டை. அதில் எழுதினால் போதும், பில்லை எக்செல் அதிலிருந்து எடுத்து நிரப்பிக் கொடுக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் ஃபைல் இன்னும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருக்கிறது. முதல் வேலையாக சேவ் ஆஸ் கொடுத்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக்கிவிடுங்கள். பழைய வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான். புதியதில் 10,48,576. உங்கள் கம்பெனிக்குப் பழைய எல்லையே எட்டாது என்று தோன்றலாம். ஆனால் 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பழைய வடிவ ஷீட்டில் கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுத்தபோது, வரி தீர்ந்துபோய் 15,841 பேரின் முடிவுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. நாம் பேசப்போகும் சில ஃபார்முலாக்களும் பழைய வடிவத்தில் ஓடாது.

இப்போது ஒரு புது ஷீட் திறந்து, முதல் வரியில் இந்தத் தலைப்புகளை அடியுங்கள்: டிசி எண், டிசி தேதி, யூனிட், வண்டி எண், பீஸுக்கு ரேட். ஒரு டிசிக்கு ஒரே ஒரு வரி. இது தலைப்புப் பட்டியல். இன்னொரு ஷீட்டில்: தேதி, வகை, டிசி எண், வரிசை எண், ஸ்டைல், கலர், சைஸ், பீஸ். இது ஐட்டம் பட்டியல். ஒரு ஸ்டைலில் ஒரு கலரில் ஒரு சைஸுக்கு ஒரு வரி. டிசி எண்தான் இரண்டு பட்டியல்களையும் கட்டிப்போடும் கயிறு.

ஏன் இரண்டு என்று கேட்பீர்கள். ஒரு டிசிக்கு ஒரு தேதிதான், ஒரு யூனிட்தான், ஆனால் ஐட்டங்கள் மூன்றும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைக்கப் பார்த்ததால்தான் உங்கள் படிவம் பிதுங்குகிறது. எண்ணிக்கை மாறக்கூடிய எதையும் ஒரு வரிக்குள் பக்கவாட்டில் அடுக்காமல் தனிப் பட்டியலாக்கு என்பது எட்கர் காட் என்ற ஐபிஎம் ஆராய்ச்சியாளர் 1970-லேயே சொன்னது. உலகத்தின் பெரிய பெரிய டேட்டாபேஸ்கள் இன்றும் அந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. திருப்பூரில் ஒரு டிசிக்கும் அது அப்படியே பொருந்தும்.

இரண்டு பட்டியலையும் எக்செல் டேபிளாக மாற்ற வேண்டும். உள்ளே ஏதாவது ஒரு செல்லில் நின்று கன்ட்ரோலும் டி-யும் (T) சேர்த்து அழுத்துங்கள், தலைப்பு இருக்கிறது என்ற கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். இந்த வசதி எக்செல் 2007-லிருந்து இந்தப் பெயரில் இருக்கிறது. நான் பயிற்சிக்குப் போகும் பல அலுவலகங்களில் இதை வரிக்கு வரி கலர் அடிக்கும் அழகு வேலை என்றே நினைத்திருக்கிறார்கள். கலர் எல்லாம் மேல்பூச்சு. கடைசி வரியின் கடைசி செல்லில் நின்று டேப் அழுத்தினால் புது வரி பிறக்கும். அல்லது கடைசி வரிக்குக் கீழே சும்மா அடிக்க ஆரம்பித்தாலே டேபிள் அதையும் இழுத்துக்கொள்ளும். மேலே உள்ள ஃபார்முலா, டிராப்டவுன், தேதி வடிவம் எல்லாம் புது வரிக்கும் தானாக வந்துவிடும். நீங்கள் கேட்ட 'தானாக நீளும்' என்பது இதுதான்.

நீளுவதற்கு இடம் விட வேண்டும். ஒரு ஷீட்டில் ஒரு டேபிள்தான், அதற்குக் கீழே ஒன்றும் எழுதக் கூடாது. மொத்தத்தைக் கீழே வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டேபிளுக்கு மேலே இரண்டு காலி வரி செருகி அங்கே மொத்தம் போடுங்கள். சம் ஃபார்முலாவுக்குப் பதில் சப்டோட்டல் ஃபார்முலாவை 109 என்ற எண்ணோடு போட்டால், ஒரு ஸ்டைலை மட்டும் வடிகட்டிப் பார்க்கும்போது அந்த ஸ்டைலின் மொத்தம் மட்டும் தெரியும். மெர்ஜ் செய்த செல்களுக்கு டேபிளுக்குள் இடமில்லை, அந்த ஆசையைப் பிரிண்ட் படிவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைஸ் விஷயம்தான் உங்களுக்கு முதலில் கசக்கும், தெரியும். இப்போது எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று பக்கவாட்டில் அடிக்கிறீர்கள். மூன்று கலர், ஐந்து சைஸ் என்றால் மூன்று வரியில் முடிகிறது. நான் சொல்கிற முறையில் பதினைந்து வரி. கூடுதல் வேலைதான், ஆனால் நினைக்கிற அளவு இல்லை. ஸ்டைலும் கலரும் மேல் வரியில் இருப்பதே என்றால் கன்ட்ரோல் டி (D) அழுத்தினால் மேலே உள்ளது அப்படியே இறங்கும். (டேபிளாக மாற்றுவதற்கும் கன்ட்ரோல் டி என்றுதானே சொன்னேன் என்று குழம்ப வேண்டாம். அது 'டேபிள்' என்பதன் T, இது 'டவுன்' என்பதன் D.) இன்றைய தேதிக்கு கன்ட்ரோலும் அரைப்புள்ளியும். இப்படி அடித்துப் பழகினால் உங்கள் கை உண்மையில் தொடுவது சைஸையும் பீஸையும் மட்டும்தான். பதிலுக்குக் கிடைப்பது என்ன? நாளைக்கு பையர் 3எக்ஸ்எல் கேட்டால் காலம் செருக வேண்டாம், ஒரு வரி அடித்தால் போதும். குழந்தைகள் ஆர்டர் வந்தால் ஒரு செட் சைஸ், ஐரோப்பிய ஆர்டருக்கு வேறு செட் என்று எது வந்தாலும் பட்டியலின் அமைப்பு மாறாது.

குழந்தைகள் ஆர்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. 2-3, 4-5 என்று வயசு சைஸ் அடித்தால் எக்செல் அதை மார்ச் 2, மே 4 என்று தேதியாக்கிவிடும். அப்புறம் அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் பழைய சைஸ் திரும்பாது, ஐந்து இலக்கத்தில் சம்பந்தமில்லாத ஒரு எண் வந்து நிற்கும். ஆகவே சைஸ் காலத்தை முதல் வரி அடிக்கும் முன்பே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். இந்தத் தொல்லையால் மனித மரபணுக்களின் பெயர்களையே 2020-இல் மாற்றினார்கள். 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மாதிரி பெயர்கள் ஆராய்ச்சியாளர்களின் ஷீட்டுகளில் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், 'மார்ச்எஃப்1', 'செப்டின்1' என்று பெயர் சூட்டும் குழுவே இறங்கி வந்தது. யூனிட்டுகளின் வங்கிக் கணக்கு எண்ணை எங்காவது வைத்தால் அந்தக் காலத்துக்கும் டெக்ஸ்ட்தான். முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும்.

பக்கவாட்டில் அடிக்காமல் கை ஓடவே ஓடாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சைஸ்கள் காலங்களாக உள்ள ஒரு டேபிளில் அடித்துவிட்டு, டேட்டா மெனுவில் உள்ள பவர் க்வெரி வழியாக, சைஸ் இல்லாத காலங்களைத் தேர்ந்தெடுத்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தால், பக்கவாட்டில் உள்ளது வரி வரியாக மாறி இன்னொரு ஷீட்டில் இறங்கும். காலியான கட்டங்களை விட்டுவிடும், புது சைஸ் காலம் சேர்த்தாலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும், ஒரு தலைப்பின் பெயரை யாராவது மாற்றினால் க்வெரி நின்றுவிடலாம். உங்கள் அலுவலகத்தில் இதைப் பார்க்க நீங்கள் ஒருவர்தான் என்பதால் வரி வரியாக அடிக்கும் முதல் முறையையே நான் சொல்வேன்.

அடுத்து டிராப்டவுன். ஒரே யூனிட்டின் பெயரை உங்கள் ஷீட்டுகளில் முழுசாக, சுருக்கமாக, கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாக என்று பல விதமாகப் பார்த்தேன். மனுஷிக்கு எல்லாம் ஒன்று, எக்செல்லுக்கு எல்லாம் வேறு வேறு யூனிட். ஆகவே மூன்றாவதாக ஒரு ஷீட்டில் யூனிட்டுகள், ஸ்டைல்கள், கலர்கள், சைஸ்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி டேபிள், பக்கத்துப் பக்கத்தில் ஒரு காலம் இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு ஷீட்டுக்கு ஒரு டேபிள் என்றது அடிக்கும் ஷீட்டுகளுக்கு, இவை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இல்லாததால் மோதிக்கொள்ளாது. யூனிட் பெயர்கள் உள்ள செல்களை மட்டும் தலைப்பு இல்லாமல் தேர்ந்தெடுத்து, இடது மேல் மூலையில் உள்ள பெயர்க் கட்டத்தில் இடைவெளி இல்லாத ஒரு ஆங்கிலப் பெயர் கொடுத்து என்டர் அழுத்துங்கள். பிறகு தலைப்புப் பட்டியலின் யூனிட் காலத்தில் டேட்டா வேலிடேஷன், லிஸ்ட், சோர்ஸில் சமக்குறி போட்டு அந்தப் பெயர். டேபிளின் பெயரை நேரடியாக சோர்ஸில் போட்டால் எக்செல் ஏற்காது, அதனால்தான் இந்தச் சுற்று. இனி புது யூனிட் வந்தால் குட்டி டேபிளின் கீழே பெயரைச் சேர்த்தால் டிராப்டவுனும் நீளும். ஐட்டம் பட்டியலில் பீஸ் காலத்துக்கு முழு எண், 1-க்குக் குறையாமல் என்று வேலிடேஷன் போடுங்கள். தலைப்புப் பட்டியலில் டிசி எண் இரண்டு தடவை வராதபடி கவுண்ட்இஃப் ஃபார்முலாவை வைத்து ஒரு வேலிடேஷன். ஆனால் வேறு இடத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் இந்தக் காவல் எதுவும் வேலை செய்யாது. ஒட்டும் பழக்கம் இருந்தால் மாதம் ஒரு முறை 'சர்க்கிள் இன்வேலிட் டேட்டா' கொடுத்துப் பாருங்கள், தப்பானவற்றைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும்.

டிசி எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரி எண்ணை வைத்து ஃபார்முலாவில் தானாக எண் போடும் யோசனையை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நடுவில் ஒரு வரியை நீக்கினாலோ தேதிப்படி அடுக்கினாலோ போன டிசிகளின் எண்கள் எல்லாம் மாறிவிடும். ஜிஎஸ்டி விதி 55 டெலிவரி சலானுக்குத் தொடர் எண் கேட்கிறது, 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வண்டியோடு ஒரு எண் போய், ஃபைலில் வேறு எண் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். எண்ணைக் கையால் அடியுங்கள். அடுத்த எண் என்ன என்று டேபிளுக்கு மேலே மேக்ஸ் ஃபார்முலாவில் காட்டிக்கொள்ளலாம்.

ரேட்டும் அப்படித்தான். பீஸ் ரேட்டை ஸ்டைல் பட்டியலில் வைத்து ஃபார்முலாவில் எடுத்தால் இன்றைக்குச் சரியாக இருக்கும். ரேட் கூடும் நாளில் பட்டியலில் மாற்றுவீர்கள், போன மாதத்து டிசிகளின் தொகையும் சேர்ந்து கூடிவிடும். நடந்து முடிந்த ஒன்றின் எண்ணை டிசி வரியிலேயே அடித்து உறைய வைக்க வேண்டும். அதனால்தான் தலைப்புப் பட்டியலில் ரேட்டுக்கு ஒரு காலம் கொடுத்தேன். ஒரே டிசியில் இரண்டு ஸ்டைலுக்கு இரண்டு ரேட் வரும் என்றால் அந்தக் காலத்தை ஐட்டம் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாளியின் கேள்விக்கு வருவோம். எந்த யூனிட்டில் எவ்வளவு நிற்கிறது? ஐட்டம் பட்டியலில் வகை என்று ஒரு காலம் வைத்தோமே, அது இதற்காகத்தான். அதில் மூன்றே சொற்கள்: போனது, வந்தது, டேமேஜ். தைத்து வந்த பீஸ்களையும் அதே பட்டியலில், வந்த தேதியோடு, எந்த டிசியில் போனதோ அந்த டிசி எண்ணைப் போட்டு அடியுங்கள். வரிசை எண் மட்டும் 'போனது' வரிகளுக்கு, டிசிக்குள் 1, 2, 3 என்று. பிறகு வலது பக்கம் மூன்று காலங்கள் சேருங்கள். முதலாவது நிகர பீஸ்: வகை 'போனது' என்றால் பீஸ் அப்படியே, இல்லையென்றால் மைனஸ். இரண்டாவது யூனிட், மூன்றாவது டிசி தேதி, இரண்டையும் டிசி எண்ணை வைத்துத் தலைப்புப் பட்டியலிலிருந்து லுக்கப்பில் (ஒரு எண்ணைத் தேடி அதன் வரியில் உள்ளதை எடுத்துவரும் ஃபார்முலா) எடுக்க வேண்டும். எக்ஸ்லுக்கப் இருந்தால் அது, இல்லாவிட்டால் வீலுக்கப். வீலுக்கப் போட்டால் கடைசியில் பூஜ்யம் போட மறக்காதீர்கள். விட்டால், பட்டியலில் இல்லாத டிசி எண்ணைத் தவறி அடித்தாலும் பிழை காட்டாமல் அதற்கு முந்தைய டிசியின் யூனிட்டை எடுத்து வைத்துவிடும். ஒரு வரியில் ஃபார்முலா அடித்தால் டேபிள் அதைக் காலம் முழுக்க நிரப்பிக்கொள்ளும்.

இனி பிவட் டேபிள், அதாவது பட்டியலைத் தானாகக் கூட்டித் தொகுத்துக் காட்டும் வசதி. யூனிட் இடப்பக்கம், சைஸ் மேலே, நிகர பீஸ் நடுவில். பக்கவாட்டில் சைஸ் பார்க்கும் சௌகரியம் போய்விட்டதே என்று வருந்தினீர்களே, அது இங்கே திரும்பி வருகிறது. எல், எம், எஸ் என்று அகர வரிசையில் நின்றால் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் கஸ்டம் லிஸ்ட்டாக எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று ஒரு முறை கொடுத்துவிட்டுப் புதிதாக அடுக்கச் சொல்லுங்கள். யூனிட்டுக்குக் கீழே ஸ்டைலையும் டிசி எண்ணையும் இழுத்தால் எந்த டிசியில் எத்தனை பீஸ் பாக்கி என்பது வரை இறங்கிப் பார்க்கலாம். டிசி தேதியையும் சேர்த்தால் பழைய பாக்கி தனியாகத் தெரியும். இது கணக்குச் சுத்தத்துக்கு மட்டும் இல்லை. ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு) அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கருதப்படும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்கிறது. ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம் ஐடிசி-04 தாக்கல் செய்யும்போது வந்த சரக்குக்கு மூல சலானின் எண்ணும் தேதியும் கேட்பார்கள். வரவு அடிக்கும்போதே பழைய டிசி எண்ணைப் போடச் சொன்னதற்கு அது இன்னொரு காரணம். புது வரிகள் அடித்த பிறகு பிவட் டேபிளில் ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும், அது தானாக நடக்காது.

கடைசியாக உங்கள் படிவம். அதைத் தூக்கிப் போட வேண்டாம், நன்றாகவே வடிவமைத்திருக்கிறீர்கள். ஆனால் இனி அதில் நீங்கள் அடிக்கப்போவது ஒரே ஒரு செல், டிசி எண். தேதி, யூனிட், வண்டி எண் எல்லாம் தலைப்புப் பட்டியலிலிருந்து லுக்கப். ஐட்டங்களுக்கு, 8-ஆம் வரியின் முதல் செல்லில் மட்டும் ஃபில்டர் ஃபார்முலா. முதலில் எதைக் காட்ட வேண்டும் என்று ஐட்டம் பட்டியலின் வரிசை எண்ணிலிருந்து பீஸ் வரை உள்ள காலங்களைக் கொடுங்கள். அடுத்து நிபந்தனை: டிசி எண் மேலே அடித்த எண்ணுக்குச் சமம் என்பது ஒரு அடைப்புக்குறிக்குள், வகை 'போனது' என்பது இன்னொரு அடைப்புக்குறிக்குள், இரண்டுக்கும் நடுவில் நட்சத்திரக் குறி. மூன்று வரி இருந்தால் மூன்று, முப்பது இருந்தால் முப்பது, தானாகக் கீழே இறங்கும். இறங்கும் பாதையில் ஏதாவது எழுத்தோ மெர்ஜ் செய்த செல்லோ இருந்தால் ஸ்பில் என்று பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே மொத்தத்தையும் 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' கட்டத்தையும் ஐட்டங்களுக்கு மேலே கொண்டுபோய்விடுங்கள். மொத்தத்துக்கு, ஐட்டம் பட்டியலிலிருந்தே சம்இஃப்ஸ் போட்டு எடுங்கள். படிவத்தில் எத்தனை வரி தெரிகிறது என்பதை அது பார்க்காது, ஆகவே இனி நேவி கலர் பீஸ்கள் விடுபடாது.

கட்டக் கோடுகள்தான் இந்த இடத்தில் எல்லோருக்கும் இடறும். நாற்பது வரிக்குக் கோடு போட்டு வைத்தால் மூன்று ஐட்ட டிசி மொட்டையாக நிற்கும், அதற்காகக் கோடு போடாமலும் இருக்க முடியாது. கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் தீர்வு இருக்கிறது. 8 முதல் 60 வரை வரிகளைத் தேர்ந்தெடுத்து, அந்த வரியின் முதல் செல் காலியாக இல்லையென்றால் நான்கு பக்கமும் கோடு போடு என்று ஒரு விதி கொடுங்கள். ஃபார்முலாவில் காலத்தின் பெயருக்கு முன்னால் மட்டும் டாலர் குறி, வரி எண்ணுக்கு வேண்டாம். ஐட்டம் உள்ள வரைக்கும் கட்டம் தெரியும், அதற்குக் கீழே வெறும் தாள். முன்கூட்டிப் போட்டிருந்த பழைய கோடுகளை அழித்துவிட்டு இதைச் செய்யுங்கள். பேஜ் லேஅவுட்டில் பிரிண்ட் டைட்டில்ஸ் கொடுத்துத் தலைப்பு வரியைக் குறித்துவிட்டால் இரண்டாம் பக்கத்துக்குப் போனாலும் தலைப்பு கூடவே போகும்.

ஃபில்டர் ஃபார்முலா எக்செல் 2021-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் உண்டு, கூகுள் ஷீட்ஸிலும் உண்டு. உங்களிடம் 2016-ஓ 2019-ஓ இருந்தால் கொஞ்சம் சுற்று வழி. ஐட்டம் பட்டியலில் வகை, டிசி எண், வரிசை எண் மூன்றையும் கோடு போட்டு ஒட்டிய ஒரு சாவிக் காலம் சேருங்கள். படிவத்தில் 1 முதல் 40 வரை எண்கள், ஒவ்வொரு வரியிலும் அந்தச் சாவியை மேட்ச் வைத்துத் தேடி இண்டெக்ஸில் எடுக்கும் ஃபார்முலா, வெளியே இஃப்எரர் போர்த்தி. கிடைக்காத வரிகள் காலியாக இருக்கும். கோடுகளுக்கு மேலே சொன்ன அதே விதிதான், இங்கே ஸ்டைல் செல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசை எண்ணின் எழுத்து நிறத்தையும் வெள்ளையாக வைத்துவிட்டு, ஸ்டைல் இருந்தால் கறுப்பாக்கு என்று இன்னொரு விதி.

பிரிண்ட் எடுத்ததும் அதே கையோடு பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள், டிசி எண்ணையே ஃபைல் பெயராக வைத்து. நாளைக்கு யூனிட்டின் முகவரி மாறி நீங்கள் பட்டியலைத் திருத்தினால், பழைய டிசியைத் திரும்ப எடுக்கும்போது புது முகவரி வந்து நிற்கும். வண்டியோடு என்ன போனது என்பதற்குச் சாட்சி அந்த பிடிஎஃப்தான்.

இரண்டு கேள்விகள் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஃபார்முலாவை யாரும் அழிக்காமல் இருக்க ஷீட்டைப் பூட்டலாமா? படிவ ஷீட்டைப் பூட்டுங்கள், டிசி எண் செல்லை மட்டும் திறந்து வைத்து. ஐட்டம் பட்டியலைப் பூட்டாதீர்கள், பூட்டிய ஷீட்டில் டேபிள் நீளாது. ஒரு நாள் காரணமே தெரியாமல் டேபிள் நீளவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பூட்டு. அது இல்லையென்றால் ஆப்ஷன்ஸில் புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், அதில் டைப் செய்யும்போதே வடிவமைக்கும் பகுதியில் புது வரிகளை டேபிளில் சேர்ப்பதற்கான டிக் போயிருக்கும்.

மேக்ரோவே வேண்டாமா என்றால், உங்கள் வேலைக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மேக்ரோ ஃபைல் போனில் ஓடாது, கூகுள் ஷீட்ஸில் ஓடாது, மெயிலில் வந்தால் எக்செல் தடுத்து நிறுத்தும். எழுதிக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, அதில் ஒரு வரியைத் திருத்தக் கூட ஆள் தேடி அலையும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். பெட்டி பெட்டியாக ஒரு படிவத்தில் அடிக்கத்தான் ஆசை என்றால் டேபிளுக்குள் நின்று ஆல்ட், டி (D), ஓ (O) என்று ஒன்றன் பின் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். எக்செல்லே ஒரு படிவத்தைத் திறக்கும், 32 காலங்கள் வரை தாங்கும். டிராப்டவுன் அதில் தெரியாது. ஆகவே டிசிக்கு அது உதவாது, யூனிட்டுகளின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் அடிக்க வசதியாக இருக்கும். கூகுள் ஃபார்மும் பலர் சொல்வார்கள். ஒரு முறை சமர்ப்பித்தால் ஒரு வரி என்பது அதன் கணக்கு, ஒரு டிசிக்குப் பல ஐட்டங்கள் என்ற உங்கள் தேவைக்கு ஒத்து வராது.

பழைய ஷீட்டுகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் திரும்ப அடிக்க உட்காராதீர்கள். இன்னும் பீஸ் திரும்ப வேண்டிய டிசிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். தலைப்புப் பட்டியலில் அந்த டிசியின் உண்மையான தேதியைப் போடுங்கள், இன்றைய தேதியைப் போட்டால் ஒரு வருடக் கணக்கு தப்பிவிடும். ஐட்டம் பட்டியலில் முழுதாகப் போனதையும் இதுவரை வந்ததையும் தனித்தனி வரிகளாக அடியுங்கள், பாக்கியை மட்டும் போட வேண்டாம். பழைய ஃபைலின் பிராப்பர்டீஸில் ரீட் ஒன்லி டிக் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு வாரம் புதிய முறையில் அடித்த பிறகு சனிக்கிழமை பிவட் டேபிளை எடுத்து, ஏதாவது இரண்டு யூனிட்டுகளுக்குப் போன் செய்து அவர்கள் கையிருப்போடு ஒத்துப் பாருங்கள். எண்ணிக்கை இடித்தால் அந்த யூனிட்டின் வரிகளை மட்டும் வடிகட்டி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.